வெள்ளிக் கோப்பையும் இரும்பு விலங்கும்: ஃப்ரெட் வில்சன் கிடங்கில் கண்டெடுத்தது

ஒரு கண்ணாடிப் பெட்டி. உள்ளே 19-ம் நூற்றாண்டு வெள்ளிச் சாமான்கள்: ஜாடி, கோப்பை, குவளை. எல்லாவற்றிலும் பூவும் இலையுமாக நெருக்கமான புடைப்பு வேலை. அமெரிக்காவின் பால்டிமோர் நகரம் அந்தக் காலத்தில் இந்த வெள்ளி வேலைக்குப் பேர் போனது. அவற்றுக்கு நடுவே, அதே பெட்டியில், கறுத்துப்போன இரும்பு ஒன்று கிடக்கிறது. அடிமைகளைப் பூட்டி வைத்த விலங்கு. தலைப்பு: 'உலோக வேலை, 1793–1880'.

அவ்வளவுதான். இரங்கல் வாசகம் கிடையாது, விளக்கவுரை கிடையாது. தலைப்பில் ஒரு பொய்யும் கிடையாது. வெள்ளியும் உலோகம், இரும்பும் உலோகம். இரண்டும் ஒரே காலம், இரண்டுமே அந்த மியூசியத்தின் சொந்தப் பொருட்கள். ஆனால் 1992 வரைக்கும் இரண்டும் ஒரே பெட்டிக்குள் வந்ததில்லை. வெள்ளி கூடத்தில் இருந்தது, விலங்கு கிடங்கில் இருந்தது.

இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தவர் பெயர் ஃப்ரெட் வில்சன். ஓவியர் என்று சொல்ல முடியாது, சிற்பி என்றும் முழுசாகச் சொல்ல முடியாது. அவருடைய மிகப் புகழ்பெற்ற படைப்பில் அவர் கையால் செய்த பொருள் என்று கிட்டத்தட்ட எதுவுமே இல்லை. எடுத்து வைத்தார், இடம் மாற்றினார், விளக்கு போட்டார், லேபிள் எழுதினார். இது எப்படிக் கலையாகும், அதில் அப்படி என்ன இருக்கிறது என்பதுதான் இந்தப் பதிவு. தரவுத்தளங்களோடு இருபது வருடம் மல்லுக்கட்டிக்கொண்டிருப்பவன் என்பதால் எனக்கு இதில் தனி ஈர்ப்பு உண்டு. ஏன் என்று பின்னால் சொல்கிறேன்.

காவலாளியாக இருந்த கலைஞர்

வில்சன் 1954-ல் நியூயார்க்கின் பிராங்ஸ் பகுதியில் பிறந்தவர். பர்ச்சேஸ் என்ற ஊரில் உள்ள அரசுக் கல்லூரியில் கலை படித்து 1976-ல் பட்டம் வாங்கினார். படிக்கும்போதே அங்கிருந்த நியூபர்கர் மியூசியத்தில் காவலாளி வேலை பார்த்தார். பிற்பாடு நியூயார்க்கின் பெரிய மியூசியங்கள் சிலவற்றில் கல்விப் பிரிவில் வேலை செய்தார். அதாவது மியூசியத்தை முன்வாசல் வழியாகப் பார்ப்பதற்கு முன்பே பின்வாசல் வழியாகப் பார்த்த ஆள்.

அந்த அனுபவம் அவருடைய கலையில் நேரடியாக வந்தது. 1991-ல் அவர் செய்த ஒரு படைப்பில் நான்கு பொம்மைகள் வரிசையாக நிற்கும். துணிக்கடையில் வைப்பார்களே, அதே மாதிரி ஆளுயரப் பொம்மைகள். நிறம் பழுப்பு, தலை கிடையாது. நான்கும் நியூயார்க்கின் நான்கு மியூசியங்களின் காவலாளிச் சீருடையைப் போட்டிருக்கும். அந்த மியூசியங்களின் சுவரில் கறுப்பினக் கலைஞர்கள் அபூர்வம், காவலுக்கு நிற்பவர்களில் கறுப்பினத்தவர் ஏராளம். தலை இல்லாதது ஏன் என்று யாருக்கும் விளக்க வேண்டியதில்லை.

அதே காலத்தில் விட்னி மியூசியத்தில் ஒரு வேலை செய்தார். பார்வையாளர்களுக்கு வழிகாட்டும் ஊழியர்களைச் சந்தித்துப் பேசினார். 'மாடியில் சந்திப்போம், படைப்புகளைச் சுற்றிக் காட்டுகிறேன்' என்று சொல்லிவிட்டுப் போய் காவலாளி உடையை மாட்டிக்கொண்டு அதே அறையில் நின்றார். கொஞ்ச நேரம் முன்னால் கைகுலுக்கிப் பேசியவர்கள் அவரைத் தாண்டித் தாண்டிப் போய் அவரையே தேடினார்கள். மறைவதற்கு ஒரு சட்டை போதுமாக இருந்தது.

இன்னொரு சோதனை இதைவிட முக்கியம். 1987-ல் பிராங்ஸில் ஒரு கலைக்கூடத்தை மூன்று அறைகளாகப் பிரித்தார். ஒன்று, வெள்ளைச் சுவரும் பளிச் விளக்குமாக நவீனக் கலைக்கூடம் மாதிரி. இன்னொன்று, மங்கலான வெளிச்சமும் கண்ணாடிப் பெட்டியுமாக இனவரைவியல் மியூசியம் மாதிரி. மூன்றாவது, விக்டோரியா காலத்துப் பணக்கார வீட்டுக்கூடம் மாதிரி. மூன்றிலும் வைத்தது அப்போது உயிரோடு இருந்த சமகாலக் கலைஞர்களின் வேலைகளைத்தான். ஆனால் இரண்டாவது அறையில் இருந்தவற்றை, கலைத்துறையில் பழம் தின்று கொட்டை போட்டவர்களே எங்கோ ஒரு பழங்குடியின் பழைய பொருட்கள் என்று நினைத்துவிட்டார்கள். பொருள் மாறவில்லை, பெட்டிதான் மாறியது. வில்சன் பிடித்துக்கொண்ட நூல் இதுதான்: பார்ப்பவர் பொருளைப் பார்ப்பதற்கு முன்னாலேயே அறை அவரிடம் பேசி முடித்துவிடுகிறது.

மேரிலாந்துக்கு வந்த கதை

பால்டிமோரில் சொந்தக் கட்டடம் இல்லாமல் இயங்கிய 'தி கன்டெம்பரரி' என்ற சிறிய கலை அமைப்பு வில்சனை அழைத்தது. நகரத்தில் உள்ள மியூசியங்களில் ஒன்றைத் தேர்ந்தெடுத்து அதன் சேகரிப்பை வைத்து ஏதாவது செய்யுங்கள் என்பது ஏற்பாடு. அவர் தேர்ந்தெடுத்தது மேரிலாந்து வரலாற்றுச் சங்கம். 1844-ல் ஆரம்பித்த பழைய நிறுவனம். இருப்பதிலேயே அந்நியமாக உணர்ந்த இடம் என்பதுதான் அவர் அதைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம்.

ஏன் அந்நியம்? மேரிலாந்தின் கதையைக் கொஞ்சம் தெரிந்துகொள்ள வேண்டும். வடக்குக்கும் தெற்குக்கும் நடுவில் உள்ள மாநிலம். அடிமை முறை இருந்தது, ஆனால் உள்நாட்டுப் போரில் யூனியனை விட்டுப் பிரியவில்லை. 1860 மக்கள்தொகைக் கணக்குப்படி அங்கே 87,189 பேர் அடிமைகளாகவும், 83,942 பேர் சுதந்திரமான கறுப்பினத்தவராகவும் இருந்தார்கள். கிட்டத்தட்ட சரிபாதி. 1864 நவம்பரில்தான் புதிய மாநில அரசியல் சட்டம் அடிமை முறையை ஒழித்தது. 1990-களில் பால்டிமோர் நகர மக்களில் பாதிக்கு மேல் கறுப்பினத்தவர். ஆனால் மாநிலத்தின் கதையைச் சொல்ல இருந்த கட்டடத்துக்குள் போனால் வெள்ளிச் சாமான், மர நாற்காலி, கனவான்களின் உருவப்படம். நகரத்தில் பாதிப் பேர் அந்தக் கதையில் இல்லை.

வில்சன் கிடங்கிலும் ஆவணக் காப்பகத்திலும் பல மாதம் உட்கார்ந்தார். 1992 ஏப்ரலில் கண்காட்சி திறந்தது. பெயர் 'மைனிங் தி மியூசியம்'. அந்த ஆங்கிலச் சொல்லுக்கு மூன்று பொருள்: சுரங்கம் தோண்டுவது, கண்ணிவெடி வைப்பது, அப்புறம் 'என்னுடையது' ஆக்கிக்கொள்வது. மூன்றையும் சேர்த்தேதான் அவர் சொன்னார்.

உள்ளே என்ன இருந்தது

நுழைந்தவுடன் வெள்ளியும் தங்கமுமாக ஒரு உலக உருண்டை. அதன் மேல் 'உண்மை' என்ற சொல் பொறித்திருக்கும். விளம்பரத்தில் உண்மை சொன்னதற்காக ஒரு காலத்தில் கொடுக்கப்பட்ட பரிசுக் கோப்பை அது. விளம்பரத் தொழிலின் பரிசு, அதுவும் உண்மைக்காக! அதைச் சுற்றி, பொருட்களை நிறுத்தி வைக்கும் வெறும் பிளாஸ்டிக் தாங்கிகள், மேலே எதுவும் இல்லாமல்.

ஒரு பக்கம் மூன்று வெள்ளைப் பீடங்கள். அவற்றில் மார்பளவுச் சிலைகள்: நெப்போலியன், ஹென்றி க்ளே, ஆண்ட்ரூ ஜாக்சன். மறுபக்கம் மூன்று கறுப்புப் பீடங்கள். பெயர்ப் பலகை மட்டும் இருக்கிறது, சிலை இல்லை: ஹேரியட் டப்மன், ஃப்ரெடரிக் டக்ளஸ், பெஞ்சமின் பேனக்கர்.

இதில் கவனிக்க வேண்டியது என்னவென்றால், சிலை இருந்த மூன்று பேரில் ஒருவர்கூட மேரிலாந்துக்காரர் இல்லை. நெப்போலியன் அமெரிக்காவையே பார்த்ததில்லை. சிலை இல்லாத மூன்று பேரும் மேரிலாந்தில் பிறந்தவர்கள். டப்மன் அடிமையாகப் பிறந்து தப்பித்து, திரும்பத் திரும்ப உள்ளே வந்து மற்றவர்களை அழைத்துப் போனவர். டக்ளஸ் அடிமையாகப் பிறந்து அந்த நூற்றாண்டின் மிகப் பெரிய பேச்சாளர்களில் ஒருவரானவர். பேனக்கர் 1731-ல் சுதந்திரமானவராகப் பிறந்து, தானாகவே கணிதமும் வானியலும் கற்று, பஞ்சாங்கம் வெளியிட்டவர். 1791-ல் அமெரிக்கத் தலைநகரின் எல்லையை அளந்த குழுவில் இருந்தவர்.

அடுத்தடுத்த அறைகளில் ஓவியங்கள். 1710 வாக்கில் யூஸ்டஸ் கூன் வரைந்த ஒரு படம் அந்தச் சங்கத்தின் சொத்து. பணக்கார வீட்டுச் சிறுவன் ஹென்றி டார்னல் கையில் வில்லோடு நிற்கிறான். ஓரத்தில், தடுப்புச் சுவருக்குப் பின்னால், ஒரு கறுப்பினச் சிறுவன். அவன் கையில் வேட்டையாடிய பறவை, கழுத்தில் வெள்ளிப் பட்டை. நகை இல்லை அது, நாய்க்குப் போடுகிற மாதிரியான பட்டை. அமெரிக்கக் காலனி ஓவியத்தில் ஆப்பிரிக்க வம்சாவளியினர் ஒருவர் தென்படும் மிகப் பழைய படங்களில் இது ஒன்று. இப்படிப்பட்ட படங்களில் வில்சன் ஸ்பாட்லைட்டை அந்த ஓரத்துச் சிறுவர் சிறுமியர் மேல் திருப்பினார். பக்கத்தில் போனால் ஒரு குழந்தைக் குரல் கேட்கும்: நான் உன் தம்பியா, நண்பனா, அல்லது நீ வளர்க்கிற பிராணியா என்கிற மாதிரி கேள்விகள். படத்தில் ஒரு புள்ளிகூட மாறவில்லை. ஆனால் படத்தின் நாயகன் மாறிவிட்டான்.

இன்னொரு படத்தில் வசதியான குடும்பம் ஒன்று வெளியே உட்கார்ந்து சாப்பிடுகிறது. பழைய தலைப்பு 'நாட்டுப்புற வாழ்க்கை'. வில்சன் அதற்கு 'ஃப்ரெடரிக் பழம் பரிமாறுகிறான்' என்று பெயர் வைத்தார். அப்போதுதான் பலர் பரிமாறுகிற பையன் இருப்பதையே பார்த்தார்கள்.

'போக்குவரத்து வகைகள்' பகுதியில் பழைய பல்லக்கும் கப்பல் மாதிரியும் இருந்தன. கூடவே குழந்தையைத் தள்ளிக்கொண்டு போகும் அந்தக் காலத்து வண்டி. உள்ளே மெத்தைக்குப் பதில் கூ க்ளக்ஸ் க்ளான் முகமூடி விரித்திருந்தது. அருகே அப்படி ஒரு வண்டியோடு நிற்கும் கறுப்பின ஆயாக்களின் புகைப்படம். 'மரவேலை, 1820–1960' என்ற பகுதியில் அழகான நாற்காலிகள் வரிசையாக, எல்லாம் ஒரே திசையைப் பார்த்தபடி, ஏதோ கச்சேரி கேட்கிற மாதிரி போட்டிருந்தன. அவை பார்த்தது பால்டிமோர் நகரச் சிறையில் இருந்த கசையடிக் கம்பத்தை. அதுவும் மரம்தானே!

சுருட்டுக் கடை வாசலில் விளம்பரத்துக்கு வைக்கும் பூர்வகுடி மனிதர்களின் மரப் பொம்மைகளையும் விடவில்லை. அவற்றைத் திருப்பி, முதுகு நமக்குத் தெரியும்படி வைத்தார். அவை பார்த்துக்கொண்டிருந்தது சுவரில் மாட்டிய உண்மையான பூர்வகுடி மக்களின் புகைப்படங்களை.

யாரும் பொய் சொல்லவில்லை

இங்கேதான் என் தொழில் புத்தி குறுக்கே வருகிறது. முதலில் எல்லோரும் கேட்கிற கேள்வி: மியூசியம் இதையெல்லாம் ஒளித்து வைத்திருந்ததா?

இல்லை. அதுதான் விஷயமே. விலங்கு, முகமூடி, கம்பம் எல்லாமே அங்கேதான் இருந்தன. யாரும் எரிக்கவில்லை, தூக்கி எறியவில்லை. வரலாற்றில் இருந்து ஒருவரை வெளியே தள்ளுவது என்றால் ஆதாரத்தை அழிப்பது என்று நாம் நினைக்கிறோம். அது அபூர்வமாக நடப்பது. தினமும் நடப்பது வேறு: எல்லாவற்றையும் பத்திரமாக வைத்துக்கொண்டு, ஒன்றோடு ஒன்று சேராத மாதிரி அடுக்குவது.

ஒரு மியூசியப் பதிவேட்டில் என்னென்ன கட்டங்கள் இருக்கும்? பொருளின் பெயர், எதனால் ஆனது, செய்தவர், காலம், அளவு, நன்கொடை கொடுத்தவர். எவ்வளவு நேர்மையான குமாஸ்தாவும் இருக்கிற கட்டத்தைத்தான் நிரப்புவார். 'யார் மேல் பயன்படுத்தப்பட்டது' என்று ஒரு கட்டம் கிடையாது. 'யார் தூக்கிக்கொண்டு வந்தார்', 'யார் துலக்கினார்', 'வாங்கிய பணம் யாருடைய உழைப்பில் வந்தது' என்ற கட்டங்களும் கிடையாது. வெள்ளி ஜாடி 'அலங்காரக் கலை' பிரிவுக்குப் போகும். விலங்கு வேறு ஏதோ பிரிவுக்குப் போகும். இரண்டு பதிவும் சரியாக இருக்கும். ஆனால் இரண்டையும் இணைக்கிற சாவி எந்த டேபிளிலும் இல்லை.

ஒவ்வொரு பதிவும் உண்மை, மொத்தம் மட்டும் பொய். மென்பொருள் வேலையில் இது அன்றாடம் பார்க்கிற சங்கதி. அறிக்கையில் வராத ஆட்கள் தரவுத்தளத்தில் இல்லாதவர்கள் என்று அர்த்தம் இல்லை. கேள்வி கேட்ட விதத்தில் அவர்கள் விழுந்துவிட்டார்கள், அவ்வளவுதான். வில்சன் புதுத் தரவு எதையும் கொண்டு வரவில்லை. அதே தரவை வேறு கேள்வி கேட்டார். அதுதான் அவருடைய கலை என்று நான் நினைக்கிறேன். உளி, தூரிகை எடுக்கிற இடத்தில் அவர் எடுத்தது அடுக்கும் முறையை.

இதில் ஒரு குறும்பும் உண்டு. அவர் மியூசியத்தின் மொழியைவிட்டு வெளியே போகவே இல்லை. 'உலோக வேலை', 'மரவேலை', 'போக்குவரத்து வகைகள்' எல்லாம் மியூசியக்காரர்கள் பயன்படுத்துகிற அதே வறண்ட தலைப்புகள். கத்திச் சொல்லியிருந்தால் 'இது ஒரு அரசியல் கருத்து' என்று ஒதுக்கிவிடலாம். அவர்களுடைய தலைப்பிலேயே சொன்னதால் ஒதுக்க வழி இல்லாமல் போனது.

இரண்டு வகை இல்லாமை

இன்னும் ஒரு படி போகலாம். காலிப் பீடமும் விலங்கும் ஒரே சங்கதி இல்லை. விலங்கு 'இருக்கிறது, ஆனால் வெளியே இல்லை' என்ற வகை. அதற்கு மருந்து எளிது: கிடங்கில் இருந்து எடுத்து, சரியான இடத்தில் வைத்தால் போதும். டப்மன் சிலை 'சேகரிக்கவே இல்லை' என்ற வகை. அதை எந்தத் தேடலாலும் கொண்டுவர முடியாது.

ஏன் சேகரிக்கவில்லை? ஒரு வரலாற்றுச் சங்கத்துக்குப் பொருட்கள் எப்படி வருகின்றன என்று யோசித்தால் புரியும். பெரும்பாலும் குடும்பங்கள் கொடுக்கின்றன. கொடுக்க வேண்டும் என்றால் மூன்று நான்கு தலைமுறை ஒரே வீட்டில் இருந்திருக்க வேண்டும், பரண் இருந்திருக்க வேண்டும், இற்றுப்போகாத பொருள் இருந்திருக்க வேண்டும். சட்டப்படி அடிமைக்குச் சொத்து கிடையாது. அவரே ஒரு சொத்து. எஸ்டேட் சொத்துப் பட்டியல்களில் அவர் பெயர் மாடு குதிரைகளோடு சேர்த்து, பக்கத்தில் விலையோடு வரும். அப்படிப்பட்டவருடைய பேரன் எதைக் கொண்டுவந்து மியூசியத்தில் கொடுப்பான்?

இதனால் ஒரு கொடுமையான விளைவு. அடிமைகளாக இருந்த தனிமனிதர்களைப் பற்றி நமக்குக் கிடைக்கும் மிக நுணுக்கமான வர்ணனைகள் பல, தப்பியோடியவரைப் பிடிக்க எஜமானன் கொடுத்த விளம்பரங்களில் இருக்கின்றன. உயரம், நடை, தழும்பு, போட்டிருந்த சட்டை, தெரிந்த தொழில், பேச்சு எப்படி இருக்கும் என்பது வரை. பிடிக்க வேண்டும் என்பதற்காக எழுதியது, இன்று அந்த மனிதர் இருந்தார் என்பதற்கு ஒரே சாட்சி. வில்சன் அந்த நோட்டீஸ்களையும் வைத்தார், நீர்ப்பறவை வேட்டைக்கான நீளத் துப்பாக்கி இருந்த பகுதியில்.

பேனக்கர் விஷயம் இந்த இரண்டு வகைக்கும் நடுவில் நிற்கிறது. அவர் 1806-ல் இறந்தார். இறுதிச் சடங்கு நடந்த அன்றே அவர் வீடு எரிந்து போனது. அவர் கைப்பட எழுதிய வானியல் குறிப்பேடு மட்டும் தப்பியது. காரணம், பக்கத்தில் இருந்த எலிகாட் குடும்பத்திடம் இரவல் வாங்கிய கருவிகளைத் திருப்பிக் கொடுக்கும்போது கூடவே அதுவும் போய்ச் சேர்ந்தது. அந்தக் குறிப்பேட்டில் கிரகணக் கணக்கு இருக்கிறது, அவர் கண்ட கனவுகள் இருக்கின்றன, 17 வருடத்துக்கு ஒருமுறை மண்ணில் இருந்து கிளம்பும் சில்வண்டுகளைப் பற்றிய அவதானிப்பும் இருக்கிறது. அது அந்தச் சங்கத்தின் சேகரிப்பிலேயே இருந்தது! வில்சன் கண்காட்சியின் கடைசிப் பகுதியில் அதை வைத்தார். வாசலில் பேனக்கருக்குச் சிலை இல்லை. ஆனால் கூடத்தின் முடிவில் அவர் கையெழுத்து இருந்தது, தன் வேலையைத் தானே சொல்லிக்கொண்டு. அதுவரை பார்த்த எல்லாவற்றிலும் கறுப்பினத்தவர் மற்றவர் செய்ததை அனுபவித்தவர்கள். இங்கே முதல்முறையாக ஒருவர் வானத்தைப் பார்த்து யோசிக்கிறார். வரிசையை இப்படி முடித்தது தற்செயல் இல்லை.

கோபமும் எதிர்ப்பும்

சில மாதங்களுக்குத் திட்டமிட்டது, 1993 பிப்ரவரி வரை நீண்டது. 55,000 பேருக்கு மேல் வந்தார்கள். வந்தவர்களிடம் கருத்துக் கேட்டு படிவம் கொடுத்தார்கள். நெகிழ்ந்து எழுதியவர்களும் உண்டு, வரலாற்று மியூசியத்துக்கு வந்தால் கலைஞரின் கோபத்தைப் பார்க்க வேண்டுமா என்று எரிந்து விழுந்தவர்களும் உண்டு.

'இதெல்லாம் வெறும் பொருத்திக் காட்டும் தந்திரம்' என்ற விமர்சனத்துக்கு என் பதில்: பொருத்திக் காட்டாத அடுக்கு என்று ஒன்று கிடையாது. வெள்ளியை வெள்ளியோடு மட்டும் வைப்பதும் ஒரு பொருத்தம்தான். பழகிவிட்டதால் கண்ணுக்குத் தெரிவதில்லை.

ஆனால் வில்சன் வழி எல்லா இடத்திலும் செல்லுபடியாகவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். இண்டியானாபொலிஸ் நகரத்தில் 1902-ல் திறந்த போர் நினைவுச் சின்னம் ஒன்று உண்டு. அதில் விடுதலை பெற்ற ஒரு கறுப்பின மனிதர் கீழே உட்கார்ந்து, அறுந்த விலங்கைத் தூக்கிக் காட்டிக்கொண்டிருப்பார். வில்சன் அந்த உருவத்தை மட்டும் தனியாக எடுத்து, விலங்கு இல்லாமல், சற்று முன்னோக்கி எழுவது போல் சாய்த்து, கையில் ஆப்பிரிக்க வம்சாவளியினருக்கான ஒரு கொடியைக் கொடுத்து, பொது இடத்தில் வைக்கத் திட்டமிட்டார். எதிர்ப்பு வலுவாக வந்தது, அதுவும் நகரத்தின் கறுப்பின மக்களிடம் இருந்தே. இன்னொரு அடிமை உருவம் எங்களுக்கு எதற்கு, அதுவும் தெருவில், என்று கேட்டார்கள். 2011 டிசம்பரில் திட்டம் கைவிடப்பட்டது.

எனக்கு இது தோல்விக் கதையாகத் தெரியவில்லை, எல்லை எது என்று காட்டும் கதையாகத் தெரிகிறது. மியூசியத்துக்குள் போகிறவர் பார்க்கத் தயாராகப் போகிறார், இரண்டு பொருளையும் சேர்த்துப் பார்க்கிறார். தெருவில் தினமும் வேலைக்குப் போகிறவருக்கு அந்த உருவம் மட்டும்தான் கண்ணில் படும். எதன் பக்கத்தில் வைக்கிறோம் என்பதையே ஆயுதமாகக் கொண்ட கலைஞருக்கு, பக்கத்தில் எதுவும் இல்லாத இடம் ஒத்துவரவில்லை.

முப்பது வருடம் கழித்து

வில்சனுக்கு 1999-ல் மெக்கார்தர் விருது கிடைத்தது. 2003-ல் வெனிஸ் பியன்னாலேயில் அமெரிக்காவின் சார்பாகக் கலந்துகொண்டார். அங்கேயும் அதே வேலை: வெனிஸின் பழைய ஓவியங்களில் ஓரத்தில் நிற்கும் கறுப்பினத்தவரைத் தேடி எடுத்தார், புகழ்பெற்ற முரானோ கண்ணாடியைக் கறுப்பில் வார்க்கச் செய்தார்.

இன்று இந்தப் பிரச்சினை கண்ணாடிப் பெட்டியைத் தாண்டிவிட்டது. மியூசியங்கள் சேகரிப்பை இணையத்தில் ஏற்றுகின்றன. நாம் தேடுகிறோம். தேடலுக்குத் தெரிந்தது படம் இல்லை, படத்துக்குப் பக்கத்தில் யாரோ எழுதிய சொல்தான். ஆம்ஸ்டர்டாமின் ரைக்ஸ்மியூசியம் 2015-ல் தன் பழைய தலைப்புகளில் இருந்த இழிசொற்களை மாற்றும் பணியை அறிவித்தது. சைமன் மாரிஸ் வரைந்த ஒரு படம், இனப்பெயரால் மட்டும் அறியப்பட்டது, 'விசிறியோடு ஓர் இளம்பெண்' ஆனது. லூவரில் உள்ள, 1800-ல் மாரி-கியமின் பெனுவா என்ற பெண் ஓவியர் வரைந்த படமும் அப்படித்தான். அதில் உட்கார்ந்திருக்கும் பெண்ணுக்குப் பெயரே இல்லாமல் இனம் மட்டும் இருந்தது. 2019-ல் பாரிஸின் ஓர்சே மியூசியம் அதை 'மடலேனின் உருவப்படம்' என்று காட்டியது. 'ஃப்ரெடரிக் பழம் பரிமாறுகிறான்' செய்த அதே வேலை, இந்த முறை மியூசியங்களே செய்தது.

இன்னும் நேரடியான உதாரணம் ஒன்று. 1837 வாக்கில் நியூ ஆர்லியன்ஸில் வரைந்த ஒரு படத்தில் ஃப்ரே குடும்பத்தின் மூன்று குழந்தைகள், பின்னால் பெலிசேர் என்ற அடிமைச் சிறுவன். 1900 வாக்கில் யாரோ பெலிசேர் மேல் வண்ணம் பூசி மறைத்துவிட்டார்கள். நியூ ஆர்லியன்ஸ் கலை மியூசியத்தில் 1972 முதல் 2005 வரை அந்தப் படம் இருந்தது, பெரும்பாலும் கிடங்கில். பிறகு அதை விற்றுவிட்டார்கள். வாங்கியவர் சுத்தம் செய்தபோது சிறுவன் வெளியே வந்தான். ஆவணங்களைத் துருவி அவன் பெயரையும் கண்டுபிடித்தார்கள். 2023-ல் நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் மியூசியம் அதை வாங்கியது. தலைப்பில் இப்போது முதல் பெயர் பெலிசேருடையது.

இதில் அவசரம் என்னவென்றால், இந்த லேபிள்கள் இப்போது இயந்திரங்கள் படிக்கும் தரவு. பழைய குமாஸ்தா நிரப்பாத கட்டம், நாளைக்கு ஒரு கணினி தரும் பதிலில் 'அப்படி யாரும் இல்லை' என்று மாறும். காலிக் கட்டத்துக்கும் காலி உலகத்துக்கும் வித்தியாசம் தெரியாதது கணினியின் சுபாவம். வில்சன் செய்த மாதிரி காலிப் பீடத்தை வைத்து, மேலே பெயரையும் எழுதினால்தான் 'இங்கே ஒருவர் இருக்க வேண்டும், நாம் சேகரிக்கவில்லை' என்ற தகவலே பதிவாகும். இல்லாததையும் ஒரு பதிவாக எழுதி வைப்பது, எங்கள் தொழிலில் நல்ல பழக்கம் என்று சொல்வோம். மியூசியத்தில் அது நீதிக்கு மிக நெருக்கமான ஒன்று.

எந்த ஊர் மியூசியத்துக்குப் போனாலும் லேபிள் முன்னால் நின்று மூன்று கேள்வி கேட்டுப் பாருங்கள். செய்தவர், கொடுத்தவர் பெயர் இருக்கிறது, சுமந்தவர் பெயர் எங்கே? இந்தப் பொருள் ஏன் இந்த அறையில், இதன் ஜோடி எந்த அறையில்? இங்கே யாருடைய பீடம் காலி? கடைசிக் கேள்விக்கு மட்டும் பதில் கூடத்தில் கிடைக்காது. அதற்குக் கிடங்குச் சாவி வைத்திருப்பவரிடம் பேச வேண்டியிருக்கும்.